மஞ்சள் ட்ரேயில் வந்த கோடுகள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஆடி மாதம் ஒரு காலை ஷிப்டில், தகட்டை அழுத்தி வளைக்கும் நாலாம் நம்பர் பிரஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்த, நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுபவரின் இடது கையில் இரண்டு விரல்களின் மேல்பாதி போயிற்று.
2. பிரஸ்ஸில் பழுதாகியிருந்த சென்சார் மாற்றப்பட்டது. அதன் முன்னால் பூசணிக்காய் உடைக்கப்பட்டது.
3. காயம் ஆறியதும் அண்ணன் திரும்பி வந்தார். அதே பிரஸ்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.
4. அதற்குப் பிறகு அந்த பிரஸ்ஸிலிருந்து வரும் பீஸ்களில் கீறல் அதிகமாகி, ரிஜெக்ட் ஏறியது.
5. பிரஸ்ஸின் அச்சை, அதாவது டையை, கழற்றிப் பார்த்தோம். தகடு வந்த சுருளை மாற்றினோம். எண்ணெயை மாற்றினோம். ரிஜெக்ட் இறங்கவில்லை.
6. அண்ணனின் கைதான் காரணம், அவரை ஸ்டோருக்கு மாற்றிவிடலாம் என்று பேச்சு வந்தது.

இந்த ஆறையும் மேலதிகாரிக்கு நான் இப்படியே சொல்லியிருந்தேன். நாலாவது தவறு என்று தெரியவர எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது.

ஒரகடம் பக்கத்தில், கார் சீட்டுக்கு அடியில் வரும் இரும்புத் தாங்கிகளைச் செய்யும் தொழிற்சாலையில் நான் குவாலிட்டி இன்ஜினியர். வீடு குன்றத்தூரில். கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறேன். எதையும் எண் போட்டு வரிசைப்படுத்தினால்தான் எனக்கு யோசனை ஓடும். அம்மா கடைக்கு அனுப்பினால்கூட, அவள் சொல்லும் சாமான்களை அவசரம், அவசரமில்லை என்று பிரித்துக்கொண்டுதான் கிளம்புவேன். "உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம். அவனுக்கும் நம்பர் போட்டு வெச்சிடுவ" என்பாள்.

பிரஸ் ஷாப்பின் கோடியில் இன்ஸ்பெக்‌ஷன் டேபிள் இருக்கிறது. நீளமான மேசை, மேலே வரிசையாக டியூப் லைட், மேசை மீது வெள்ளைத் துணி. மூன்று பெண்கள் வெள்ளைக் கையுறை போட்டு உட்கார்ந்து, பீஸ்களின் வெளிப்பக்கத்தை ஒவ்வொன்றாக விளக்குக்குச் சாய்த்துப் பார்ப்பார்கள். ஆழமான கீறல் இருந்தால் அதன்மேல் பூச்சு நிற்காது, துரு பிடிக்கும். அதனால் தள்ளிவிட வேண்டும். ஆனால் தகடு என்றாலே கோடு இருக்கும். அச்சில் இழுபட்டு வருவதால் மெல்லிய கோடுகள் விழாத பீஸே கிடையாது. எதுவரை போகலாம், எதற்கு மேல் கூடாது என்று காட்ட மாதிரி பீஸ் ஒன்று மேசை முன்னால் மாட்டியிருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து, பழகிய கண் தானாக முடிவு செய்யும். ஒரு பீஸுக்கு ஒரு மூச்சு நேரம்தான். சந்தேகமானவை என்னிடம் வரும். நான் பார்த்து இரண்டாவது தீர்ப்பு சொல்வேன்.

ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் ஒரு நிற ட்ரே. நாலாம் நம்பருக்கு மஞ்சள். அதே பீஸை அடிக்கும் ஐந்தாம் நம்பருக்கு நீலம். தள்ளும் பீஸிலும் சந்தேகமான பீஸிலும் அதே நிறத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள். எந்த பிரஸ்ஸில் கோளாறு என்று உடனே தெரியட்டும் என்று செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அண்ணனுக்கு ஊர் பென்னலூர். நாற்பதைத் தாண்டியவர். பிரஸ் ஷாப்பில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். இன்ஸ்பெக்‌ஷன் பெண்களோடு அவருக்கு ஓயாத வாய்ச்சண்டை. டேபிள் பக்கம் வரும்போதெல்லாம், "இன்னா, கண்ணாடி போட்டுக்கினு வந்தீங்களா? இல்ல நேத்து மாதிரி நல்ல பீஸ தள்ளப் போறீங்களா?" என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போவார். டேபிளின் மூத்த அக்கா விடமாட்டார். "நல்ல பீஸ நீ குடு, அப்பறம் நாங்க தள்றமா இல்லியான்னு பாக்கலாம். மொதல்ல உன் மூஞ்சிய விளக்குல காட்டு, அதுலயே நாலு கீறல் கீது."

விபத்து நடந்த அன்று, சிக்கிய பீஸை எடுக்கக் கையை உள்ளே விட்டார். நிறுத்தியிருக்க வேண்டிய சென்சார் நிறுத்தவில்லை. சத்தம் கேட்டு முதலில் ஓடியது அந்த அக்காதான். மேசையில் விரித்திருந்த வெள்ளைத் துணியை உருவிக்கொண்டு போய் அவர் கையைச் சுற்றினார். நான் அலுவலக அறையிலிருந்து வருவதற்குள் அண்ணனை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். மேசை மேல் துணி இல்லாமல் இரும்பு தெரிந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான்.

பிறகு கூட்டங்கள் நடந்தன. சென்சாரைப் பற்றிப் பேசினோம், கையுறையைப் பற்றி, இரண்டு கையாலும் பட்டன் அழுத்த வேண்டிய முறையைப் பற்றி. ஏன், ஏன் என்று கேட்டு வேர்க்காரணம் வரை இறங்கும் ஒரு முறை எங்களிடம் உண்டு. அதையும் செய்தோம். மேசைக்குப் புதுத் துணி வந்தது. அன்று என்ன பார்த்தீர்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று அந்த மூன்று பெண்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு எங்கள் முறையில் கட்டம் இல்லை. அவர்களும் சொல்லவில்லை.

அண்ணன் திரும்பி வந்தது புரட்டாசியில். டேபிள் வழியாக வந்து, இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

"ரெண்டு பாதி போச்சு. கூட்டிப் பாத்தா ஒண்ணுதான் கம்மி. லாபத்துல தான் கீறேன்."

யாரும் சிரிக்கவில்லை. மூத்த அக்கா, "போ, போய் வேலையப் பாரு" என்றார். வழக்கமான பதிலடி இல்லை. அண்ணன் அங்கிருந்து போகும்வரை மூன்று பேரும் கையில் இருந்த பீஸைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கும் அந்த நிமிடத்தில் எதையாவது சரிபார்க்க வேண்டும் போல இருந்தது. கையில் இருந்த பேனாவின் மூடியைச் சரிபார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் மஞ்சள் ட்ரே பீஸ்கள் ரிஜெக்ட் பெட்டியில் குவிய ஆரம்பித்தன.

முதலில் டை மீது சந்தேகப்பட்டோம். பிறகு தகடு. பிறகு எண்ணெய். நான் ரிஜெக்ட் பெட்டியிலிருந்து பீஸ்களை எடுத்து விளக்கில் சாய்த்துப் பார்த்தேன். கோடுகள் இருந்தன. சந்தேகமே இல்லாமல் இருந்தன. மாதிரி பீஸோடு ஒப்பிட்டால் கொஞ்சம் அதிகம் என்றுதான் எனக்கும் தோன்றியது. "தள்ளினது சரிதான்" என்று நானே சொன்னேன்.

அடுத்து, டைகளைப் பழுதுபார்க்கும் டூல்ரூமில் ஒருவர் குங்குமத்தைச் சுட்டிக் காட்டினார். விபத்துக்குப் பிறகு நாலாம் நம்பர் பிரஸ்ஸின் முன்கதவில் பெரிய குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் யாராவது புதுப்பிப்பார்கள், மேலே எலுமிச்சம்பழம் மாறும். குங்குமத் தூள் எண்ணெயில் கலந்து டைக்குள் போனால் மணல் மாதிரி உரசும் என்றார் அவர். கேட்டவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. காணக்கூடிய காரணம், துடைத்தால் போய்விடும் காரணம். மேலதிகாரியிடம் சொல்லி அனுமதி வாங்கி, பெயிண்ட் தின்னர் போட்டுத் துடைக்கச் சொன்னேன்.

துடைத்துக்கொண்டிருக்கும்போது மூத்த அக்கா எழுந்து வந்தார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாக வந்த குடியிருப்பு ஒன்றில் இருக்கிறார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம்.

"ஏன் கண்ணு அத்தப் போய் துடைக்கற?"

மேலதிகாரி எதிரில்தான் நான் அவருக்கு மேடம். மற்ற நேரம் கண்ணுதான்.

"தூள் உள்ள போய் கீறுதோன்னு சந்தேகம்க்கா."

"எனக்கு அதுல நம்பிக்கலாம் கெடயாது. ஆனா அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது. யாரு கண்ணையாவது குத்துதா?"

"ரெண்டு வாரம் பாக்கலாம்க்கா."

"பாரு, பாரு. நீ படிச்ச புள்ள." சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். நெற்றியிலிருந்து மார்புவரை சிலுவை வரைந்துகொண்டதை நான் பார்த்தேன்.

ரெண்டு வாரம் பார்த்தோம். ரிஜெக்ட் கூடியது.

அதுதான் என்னை நிறுத்தியது. குங்குமம் காரணமாக இருந்தால் குறைய வேண்டும். காரணமாக இல்லாவிட்டால் அப்படியே இருக்க வேண்டும். கூடுவதற்கு என் கணக்கில் இடமே இல்லை. கதவில் இருந்த ஒரு பொட்டை எடுத்தால் இரும்பில் கோடு எப்படி விழும்?

மேலதிகாரிக்கு இது யோசிக்கிற விஷயமாகப் படவில்லை. கெட்டவர் இல்லை அவர். அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அடிக்கடி போய்ப் பார்த்தவர். "விரல் இல்லாத கையால பீஸ எடுக்கறப்ப டையில உரசுது போல. அவரையே கேட்டா ஒத்துக்க மாட்டார். ஸ்டோர்ல உக்கார வெச்சிடலாம். நிம்மதியா இருப்பார்" என்றார். மாதக் கடைசிக்குள் முடிவு செய்யச் சொன்னார்.

அண்ணனுக்கு விஷயம் எட்டிவிட்டது. டீ நேரத்தில் என்னைத் தேடி வந்தார். கையில் கப் இருந்தது, குடிக்கவில்லை.

"மேடம், ஸ்டோருன்னா இன்னா தெரியுமா? ஒரு சன்னல், ஒரு நாற்காலி. வர்றவன் போறவன்லாம் சன்னல் வழியா கையப் பாப்பான், ப்ச் ப்ச்னு போவான். இங்க நான் வேலை செய்றவன். அங்க போனா நான் பாவப்பட்டவன். அவ்ளோதான்."

"நீங்க பீஸ எடுக்கறது எப்படின்னு ஒரு தடவை காட்டுங்கண்ணா."

காட்டினார். காந்தம் வைத்த கோலால் எடுத்தார். விபத்துக்குப் பிறகு வந்த விதி அது. கை டையின் பக்கமே போகவில்லை. நான் வெகுநேரம் நின்று பார்த்தேன். உரசுவதற்கு வழியே இல்லை.

"இன்னா மேடம், என் கையப் பாக்கறீங்களா, பீஸப் பாக்கறீங்களா?" என்றார்.

பீஸைத்தான் என்று சொன்னேன். உண்மையில் கையைத்தான் பார்த்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பீன்ஸ் பொரியல். நான் நறுக்கி வைத்த பீன்ஸை அம்மா தட்டோடு தூக்கிக் காட்டினாள்.

"இது பொரியலுக்கா, சாம்பாருக்கா? ஒவ்வொண்ணும் விரல் நீளம் கீது. எத்தினி வாட்டி சொல்றது, பொடிசா நறுக்குன்னு?"

"அவசரத்துல நறுக்கினேன்மா."

"ஞாயித்துக்கெழம இன்னா அவசரம் உனக்கு? கொஞ்ச நாளாவே இப்படித்தான். கூழு ஊத்துனமே, அந்த வாரத்துலேர்ந்து பாக்கறேன். கேரட்டும் இப்படித்தான், முருங்கக்காயும் இப்படித்தான்."

எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றியது ஆடியில். விபத்து நடந்த வாரம்.

நான் திரும்பக் கத்தியை எடுத்து, ஒரு கொத்து பீன்ஸைப் பலகையில் வைத்தேன். இடது கையைப் பார்த்தேன். சிறு வயதிலிருந்து நறுக்குகிறேன். விரல்களை மடக்கி, காயைக் கத்திக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கொடுப்பதுதான் என் பழக்கம். இப்போது என் கை அந்தக் கொத்தின் கடைசி நுனியை, சூடான பாத்திரத்தைத் தொடுவது போலப் பிடித்திருந்தது. கத்திக்கும் விரலுக்கும் நடுவே அவ்வளவு தூரம் இருந்தால் துண்டு பெரிதாகத்தான் விழும். விரலை அருகில் கொண்டுபோகப் பார்த்தேன். போனது. ஆனால் கத்தியை இறக்கியதும் தானாகத் திரும்ப விலகியது.

வீட்டில் நான் விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குள்ளும் அதைப் பற்றிப் பெரிதாக எதுவும் இல்லை என்றுதான் நம்பியிருந்தேன். நான் அழவில்லை. கனவு வரவில்லை. வேலைக்கு ஒரு நாள்கூட லீவு போடவில்லை. ஆனால் என் கை மட்டும் நாலு மாதமாக, என்னிடம் சொல்லாமல், கத்தியிலிருந்து விலகி நின்றிருக்கிறது. கேட்டபோது நான் அவசரம் என்று காரணம் சொன்னேன். பொய் சொல்லும் எண்ணமே எனக்கு இல்லை. காரணம் கேட்டால் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுக்கிறோம்.

கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மஞ்சள் ட்ரே நினைவுக்கு வந்தது.

மறுநாள் மேலதிகாரியிடம் ஒரு நாள் அவகாசம் கேட்டேன். என்ன நினைக்கிறேன் என்று சொன்னதும் அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"அந்த மூணு பேருக்கும் அவர் கூடப் பொறந்தவர் மாதிரிம்மா. அவர் பீஸ வேணும்னு தள்ளுவாங்களா?"

"வேணும்னு இல்ல சார். அவங்களுக்கே தெரியாம."

"கண்ணுக்கு முன்னாடி கோடு தெரியுது. நீயே பாத்து சரின்னு சொல்லியிருக்க."

"என்னையும் சேர்த்துத்தான் சார் சொல்றேன்."

தகடு வளையும் உள்பக்கத்தில், ஒவ்வொரு டையும் தன் பிரஸ்ஸின் எண்ணைச் சின்னதாகப் பதிக்கும். வெளிப்பக்கத்தை மட்டும் பார்ப்பவர்கள் கண்ணில் அது படாது. ட்ரேக்களை டேபிளுக்கு ட்ராலியில் கொண்டுவருபவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் இஷ்டத்துக்கு மாற்றி வைக்க வேண்டும். சில மஞ்சள் ட்ரேக்களில் ஐந்தாம் நம்பர் பீஸ், சில நீல ட்ரேக்களில் அண்ணனுடைய பீஸ், சிலவற்றை மாற்றாமல் அப்படியே. எதை எங்கே வைத்தார் என்று எனக்கும் சொல்லக் கூடாது. சந்தேகமான பீஸ்கள் வழக்கம்போல என்னிடம் வந்தன. நானும் வழக்கம்போல விளக்கில் சாய்த்துத் தீர்ப்பு சொன்னேன். சில இடங்களில் கோடு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, நான் நினைத்தது தவறு என்றே முடிவு செய்துவிட்டேன்.

ஷிப்ட் முடிய இருந்த நேரத்தில் ரிஜெக்ட் பெட்டியை எடுத்துத் தனியாக வைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பினேன். மஞ்சள் ட்ரேயில் வந்தவைதான் பெட்டியில் மேலோங்கி இருந்தன. உள்பக்கத்தில் ஐந்து என்று பதிந்திருந்த பீஸும், மஞ்சள் ட்ரேயில் வந்த காரணத்தால் தள்ளப்பட்டிருந்தது. நீல ட்ரேயில் போன அண்ணனின் பீஸ்கள், எப்போதும் எந்த பிரஸ்ஸிலும் விழும் சில்லறை ரிஜெக்டைத் தவிர, எல்லாம் தேறியிருந்தன. நான் தள்ளியவற்றைத் தனியாகப் பிரித்தேன். அவையும் அப்படியே.

மேலதிகாரி இதைக் காலைக் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டலாம் என்றார். வேண்டாம் என்றேன். டேபிளில், அவர்கள் மூன்று பேருக்கு மட்டும் நான் சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். ஒத்துக்கொண்டார்.

அடுத்த நாள் டீ முடிந்து வந்து உட்கார்ந்தவுடன், தள்ளிய பீஸ் ஒன்றை மூத்த அக்காவிடம் கொடுத்தேன்.

"இது நேத்து நீங்க தள்ளினதுக்கா. மஞ்ச ட்ரேயில வந்தது. உள்பக்கம் திருப்பி நம்பர் பாருங்க."

விளக்கில் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார். "அஞ்சு."

இன்னொன்று கொடுத்தேன். "அஞ்சு." இன்னொன்று. "அஞ்சு." நிமிர்ந்தார். "இன்னா கண்ணு இது? ட்ரே மாறிப் போச்சா?"

"மாத்தச் சொன்னது நான்தான்க்கா."

பிறகு அவர்கள் தேற்றிய நீல ட்ரே பீஸ்களை வைத்தேன். திருப்பினார்கள். நாலு. நாலு. நாலு.

முதலில் வந்தது கோபம். "எங்களுக்கு டெஸ்ட் வெச்சியா? இத்தினி வருசமா பாக்கற கண்ணு இது. மூஞ்சிக்கு நேரா கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டமா?"

"கேட்டிருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்காதுக்கா. இது நான் தள்ளினது." என் பங்கு பீஸ்களையும் மேசையில் வைத்தேன். "எனக்கும் கோடு தெரிஞ்சுது."

அக்கா என் பீஸ்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ அந்த மனுசன் பொழப்புல நாங்கதான் மண்ணள்ளிப் போட்டமா?"

அவரே தொடர்ந்தார். "நான் கோட்டப் பாத்தேன் கண்ணு. சத்தியமா. இல்லாதத சொல்லல."

"தெரியும்க்கா. கோடு எல்லா பீஸ்லயும் இருக்கு. அந்த ட்ரே வந்தா மட்டும் அது பெருசா தெரிஞ்சிருக்கு."

மேசையின் கடைசியில் உட்காரும் பெண், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஒரகடத்தில் ஹாஸ்டலில் இருப்பவள். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. அதிகம் பேசமாட்டாள். அவள்தான் அடுத்துப் பேசினாள்.

"மஞ்ச ட்ரே வந்தாலே எனக்கு வயித்தப் பெசையும்க்கா. பசின்னு நெனச்சேன். காலைல ரெண்டு இட்லி கூடச் சாப்ட்டுப் பாத்தேன். அப்பவும் பெசஞ்சுது."

மூத்த அக்கா அவள் பக்கம் திரும்பினார். "ஏண்டி சொல்லல?"

"என்னன்னு சொல்லுதது? பீஸப் பாத்தா வயிறு வலிக்குன்னா சிரிக்க மாட்டியளா?"

நடுவில் உட்காருபவர் நிஜமாகவே சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். அதன் பிறகு, ஆடி மாதத்திலிருந்து முதல் முறையாக, அவர்கள் அந்தக் காலையைப் பற்றிப் பேசினார்கள். ஒருவருக்குச் சத்தம்தான் நினைவில் இருந்தது. தென்காசிப் பெண்ணுக்கு, நின்றுபோன பிரஸ்ஸுக்குள் அப்படியே கிடந்த பீஸ். மூத்த அக்கா துணியைப் பற்றிச் சொன்னார்.

"சுத்திவுட்டேன். அப்பறம் வேற துணி வந்துச்சு, அத்த எடுத்துட்டாங்க. என் கைல குடுத்தாங்க. அத்த எங்கப் போட்டேன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல. வூட்டுக்குப் போனப்பறம் பைலாம் தேடினேன். இல்ல. தெனம் இந்த வெள்ளத் துணிய விரிக்கறப்பல்லாம் தேடறா மாதிரியே இருக்கு."

நான் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. வரிசைப்படுத்தவும் தோன்றவில்லை. மேசையில் பீஸ்கள் காத்திருந்தன, ட்ராலி வந்து நின்றது, யாரும் எழவில்லை.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அவர்களுக்கு அண்ணன் மேல் கோபம் இல்லை. அவர் திரும்ப அந்த பிரஸ்ஸின் முன் நிற்பதைத் தாங்க முடியவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாதது அங்கேயே சும்மா இருக்கவும் இல்லை. பார்க்கும் பார்வைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, இப்படியும் இருக்கலாம் அப்படியும் இருக்கலாம் என்ற ஒவ்வொரு கோட்டையும் ஒரே பக்கம் தள்ளியது. குங்குமம் இருந்தவரை அவர்கள் மனதுக்குக் கொஞ்சம் காவல் இருந்தது போலிருக்கிறது. நான் அதையும் துடைத்தேன். அவர் மேல் வைத்திருந்த பாசமே அவரை அந்த பிரஸ்ஸிலிருந்து வெளியே தள்ளும் வேலையைச் செய்தது. ஒருவேளை அதற்கு வேண்டியதும் அதுதான். அங்கிருந்து அவரை எப்படியாவது நகர்த்திவிட வேண்டும்.

அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன்.

"என் கை தப்பிச்சுதா மேடம்?"

"தப்பிச்சுதுண்ணா. ஸ்டோர் இல்ல."

எப்படி என்று கேட்டார். சொன்னேன். கேட்டுக்கொண்டே காந்தக் கோலைத் துடைத்தார்.

"அப்போ என் மேல கோவம் இல்லியே அவங்களுக்கு? பேச்சே கொடுக்கலயேன்னு பாத்தேன்."

"கோவம் இல்லண்ணா. பயம்."

"எனக்கே பயம் இல்ல. அவங்களுக்கு இன்னா பயம்?" என்று சொல்லிவிட்டு பிரஸ்ஸை ஓட்டத் தொடங்கினார்.

நான் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். பீஸை வைத்தார், இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினார். மேல் அச்சு இறங்கும் நொடியில் அவருடைய வலது கால் அரையடி பின்னால் போனது. முகம் லேசாகத் திரும்பியது. அச்சு ஏறியதும் கால் முன்னால் வந்தது. அடுத்த பீஸ். மறுபடியும் கால் பின்னால். முன்பெல்லாம் அவர் பிரஸ்ஸில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, பக்கத்து ஆளோடு பேசியபடியே ஓட்டுவார். இப்போது ஒரு தடவைகூட அந்தக் கால் தவறவில்லை. அதை அவர் அறிந்ததாகத் தெரியவில்லை.

சொல்லலாமா என்று யோசித்தேன். பின்னால் போகும் கால் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. அவரைக் கொஞ்சம் காப்பாற்றவும் செய்கிறது. சொன்னால், பயம் இல்லை என்று அவர் சொல்லிக்கொள்வதை நான் பிடுங்கியது போல ஆகும். டேபிளில் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் அங்கே ஒருவருடைய வேலை போக இருந்தது. இங்கே எதுவும் போகவில்லை. நான் சொல்லவில்லை.

இப்போதைய நிலை இது. எல்லா பிரஸ்ஸுக்கும் ட்ரே ஒரே சாம்பல் நிறம். எந்த பிரஸ்ஸின் பீஸ் என்பது, பார்த்து முடித்த பிறகுதான் தெரியும். நாலாம் நம்பருக்கும் ஐந்தாம் நம்பருக்கும் ரிஜெக்டில் வித்தியாசம் இல்லை. முன்கதவில் குங்குமம் மறுபடியும் இருக்கிறது. மூத்த அக்கா எப்போதாவது ஒரு பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, "இது அவன்துதான?" என்று கேட்பார். நான் பதில் சொல்வதில்லை, அவரும் திருப்பிப் பார்ப்பதில்லை. அண்ணனோடு வாய்ச்சண்டை திரும்பிவிட்டது, முன்பு இருந்த அளவுக்கு இல்லை. தென்காசிப் பெண் காலையில் பழையபடி சாப்பிடுகிறாள். எங்கள் வீட்டில் பீன்ஸ் இன்னும் பெரிதாகத்தான் இருக்கிறது. காரணம் எனக்குத் தெரியும், அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், கை இன்னும் பழைய இடத்துக்கு வரவில்லை. அண்ணன் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் வேலை செய்கிறார்.